ஊமத்தை இலை கசக்கிய கையால் கண்ணைத் தொட்டால்...

கேள்வி: எனக்கு வயது 58. முழங்கால் வீங்கினால் ஊமத்தை இலையை வதக்கிக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கொல்லையில் மணல்மேடு முழுக்க அந்தச் செடிதான். முந்தாநாள் இலை பறித்துக் கசக்கினேன். அன்று மாலையிலிருந்து வலது கண்ணின் பாவை மட்டும் பெரிதாகிவிட்டது. பேப்பர் படிக்க முடியவில்லை, வெயிலில் கண் கூசுகிறது. வலி இல்லை. பக்கவாதமாக இருக்குமோ என்று மகள் பயப்படுகிறாள்.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இலையைக் கசக்கியதை மறைக்காமல் எழுதினீர்களே, நல்லது. பலர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. அவரும் மூளையில் ஏதோ கோளாறு என்று ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார்.

ஊமத்தையும் கத்தரி, தக்காளி குடும்பம்தான். ஆனால் இலை முதல் விதை வரை அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நச்சுகள் உண்டு. கண் பரிசோதனையில் பாவையை விரிக்கச் சில சமயம் விடுகிற சொட்டு மருந்தும் இதே அட்ரோபின்தான். சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்திருப்பீர்கள். வெளிச்சத்துக்குச் சுருங்கும் தசையும், பக்கத்தில் பார்க்க உதவும் தசையும் சேர்ந்து தூங்கிவிட்டன. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். இரண்டு நாள் ஆகிவிட்டதால் இனிக் கண்ணைக் கழுவிப் பயனில்லை.

இருந்தாலும் என் ஊகத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இன்றே கண் டாக்டரைப் பாருங்கள். அவர் பாவையைச் சுருக்கும் மருந்தான 1 சதவீத பைலோகார்பின் சொட்டு விட்டுப் பார்க்கலாம். நரம்புக் கோளாறு என்றால் பாவை சுருங்கும். ஊமத்தை வேலை என்றால் அநேகமாக அசையாது. இமை தொங்கினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலி, வாய் கோணல், கை கால் மரத்துப்போதல் வந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி வந்தாலும் அப்படியே. கண்ணழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். பார்வை தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

முழங்காலுக்கு இந்தக் கட்டு வேண்டாம் என்பேன். புண்ணோ கீறலோ இருந்தால் நச்சு உள்ளே இறங்கும். வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மூட்டைத்தான் காட்ட வேண்டும்.

அப்புறம், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் கையுறை போட்டு அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். முள்காய்க்குள் இருக்கும் விதை மிளகாய் விதை மாதிரியே இருக்கும். தின்ற பிள்ளைக்கு வாய் உலர்ந்து, முகம் சிவந்து, உடம்பு கொதிக்கும். இல்லாததைப் பார்த்துப் பிதற்றும். உன்மத்தம் என்ற சொல்லிலிருந்துதான் ஊமத்தை என்ற பெயரே வந்தது. அப்படி நேர்ந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், மிச்சக் காயையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.