ரப்பர் வைத்த பிறகு கம்ப்ரஸர் ஏன் கூடுதலாக ஆடுகிறது?

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இடம் போதாமல் 5 ஹெச்.பி. பிஸ்டன் கம்ப்ரஸரை முதல் மாடிக்கு ஏற்றினேன். கீழே தையல் கடை வைத்திருப்பவர், மேஜை அதிர்கிறது, ஊசி முறிகிறது என்று தினமும் சண்டைக்கு வருகிறார். நான்கு காலுக்கும் கெட்டியான ரப்பர் பேட் போட்டேன். அதிர்வு குறையவில்லை, கூடியதுபோல்தான் தெரிகிறது. காந்தத் திரவம் நிரப்பிய டாம்பர் (ஆட்டத்தைத் தணிக்கும் கருவி), மின்சாரம் கொடுத்தால் அதிர்வை அடக்கும் பீசோ தகடு, சென்சார் என்றெல்லாம் வீடியோக்களில் காட்டுகிறார்கள். அவற்றில் எதையாவது வாங்கிப் போட்டால் தீருமா? கம்ப்ரஸர் பிளாக் (பிஸ்டன் ஓடும் பகுதி) 900 ஆர்.பி.எம்., மோட்டார் 1440.

பதில்: கூடியதுபோல் தெரிகிறது என்கிறீர்கள். உண்மையிலேயே கூடியிருக்கும். ரப்பர் போட்டால் அதிர்வு குறையும் என்று நம்பி இதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு ஆலையில் மோட்டாருக்கு அடியில் கார்க் ஷீட்டை அடுக்கி, மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எந்த எந்திரத்தையும் மெத்தென்ற ஒன்றின் மேல் வைத்தால் அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் வந்துவிடும். தொட்டிலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது தன் போக்கில் ஆடுகிறதே, அப்படி. அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான கணக்கு உண்டு. எந்திரத்தின் எடையால் பேட் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் விடை ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று, கிடைக்கும். கெட்டி ரப்பர் ஏறக்குறைய 1 மி.மீ. அமுங்கும். அப்படியானால் 15.8 ஹெர்ட்ஸ். உங்கள் பிளாக் 900 ஆர்.பி.எம்., அதாவது நொடிக்கு 15 சுற்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! தொட்டில் ஆடும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அதை ஏற்றிவிடுகிறது. பேட்டே இல்லாமல் இருந்திருந்தால் இதைவிடக் குறைவாக ஆடியிருக்கும்.

அதிர்வு கீழே இறங்காமல் இருக்க வேண்டுமென்றால், அந்த இயல்பான ஆட்ட வேகம் ஓடும் வேகத்தைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு 10.6 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் பலனே இல்லை. மூன்றில் ஒரு பங்காக, அதாவது 5 ஹெர்ட்ஸாக இறக்கினால் எட்டில் ஒரு பங்கு விசைதான் தளத்துக்குப் போகும். அதற்கு 10 மி.மீ. அமுங்க வேண்டும். பேட் வடிவில் வரும் ரப்பரால் இது முடியாது, கம்பிச் சுருள் ஸ்பிரிங்தான் சரி. கடைக்காரர் எத்தனை கிலோ தாங்கும் என்று மட்டும் சொல்வார். அந்த எடையில் எத்தனை மி.மீ. அமுங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்ரஸரை நேரடியாக ஸ்பிரிங் மேல் உட்கார வைத்தால் தலை கனத்துத் தள்ளாடும். அதனால் முதலில் 1.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனத்தில் கம்பி கட்டி ஒரு கான்கிரீட் பலகை போட்டு, கம்ப்ரஸரை அதில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பலகை மட்டும் 230 கிலோ வரும். டேங்க்கோடு சேர்ந்த கம்ப்ரஸரும் ஏறக்குறைய அதே எடை இருந்தால், ஆடும் எடை இரட்டிப்பாகி ஆட்டம் பாதியாகும். நான்கு ஸ்பிரிங்கையும் பலகையின் மூலைகளில் வையுங்கள். ஒன்றுக்குச் சுமார் 115 கிலோ வரும். மோட்டார் இருக்கும் பக்கம் கனம் கூடுதல் என்பதால், நான்கும் ஒரே அளவு அமுங்குகிறதா என்று ஸ்கேலால் அளந்து சரிசெய்ய வேண்டும். இவ்வளவு எடையை மாடியில் ஏற்றும் முன் கட்டட இன்ஜினியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அறையின் நடுவில் தளமே ஒரு ஸ்பிரிங். தூணுக்கு அருகில், பீம் மேல் வைப்பது நல்லது.

இத்தனையும் செய்துவிட்டு, காற்றுக் குழாயைப் பழையபடி இரும்புப் பைப்பாகச் சுவரில் கிளாம்ப் அடித்து விட்டால் எல்லாம் வீண். அதிர்வு அந்த வழியாகப் போய்விடும். டேங்க் வாசலில் ஒரு மீட்டராவது அழுத்தம் தாங்கும் ஹோஸ் கொடுங்கள்.

இப்போது வீடியோக்களில் பார்த்த சமாச்சாரம்.

காந்தத் திரவம் என்பது எண்ணெயில் மிதக்கும் சில மைக்ரான் பருமனுள்ள இரும்புத் துகள்கள். காந்தப் புலம் பட்டால் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, கண் இமைப்பதற்குள் எண்ணெய் களிம்பாகிவிடும். 1940-களின் கடைசியில் அமெரிக்க அரசின் தர ஆய்வுக்கூடத்தில் ஜேகப் ரேபினோ என்பவர் கண்டது. 2002-இல் கேடில்லாக் காரின் ஷாக் அப்சார்பருக்குள் ஏறியது. காருக்கு அது தேவை, ஏனென்றால் அடுத்த பள்ளம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கம்ப்ரஸருக்கு எல்லாம் தெரியும். நாள் முழுக்க அதே 15 சுற்று.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. சரியான ஸ்பிரிங் மேல் எந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது, டாம்பர் இறுக்கமாக இருந்தால் தளத்துக்கு இறங்கும் விசை கூடத்தான் செய்யும். டாம்பர் வேண்டியது ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும், 5 ஹெர்ட்ஸைக் கடக்கும் அந்த ஓரிரு நொடிக்குத்தான். வாஷிங் மெஷின் டிரம் வேகமெடுக்கும்போது ஒரு கணம் தட்தட்டென்று குலுங்கி அடங்குகிறதே, அதுதான் இது. தேவைப்படும்போது இறுகி, மற்ற நேரம் இளகும் காந்தத் திரவ டாம்பர் இதற்குக் கச்சிதமான கருவி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரிரு நொடிக் குலுக்கலுக்காக டாம்பர், சென்சார், கன்ட்ரோலர் எல்லாம் வாங்கிப் போடுவது கொசுவுக்குப் பீரங்கி. ஆட்டம் எல்லை மீறாமல் தடுக்கும் ரப்பர் தடுப்புள்ள ஸ்பிரிங் மவுண்ட் போதும்.

பீசோ தகடு வேறு சாதி. சமையலறை கேஸ் லைட்டரை அழுத்தினால் டக்கென்று பொறி வருகிறதல்லவா, உள்ளே இருப்பது பீசோ பொருள்தான். அடித்தால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் தானே நீளும், சுருங்கும். அடித்தால் மின்சாரம் வருவதை 1880-இல் பிரான்ஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டார்கள். ஆனால் அது நீள்வது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். 10 செ.மீ. அடுக்கு வைத்தால் 0.1 மி.மீ. அசையும். நுண்ணோக்கியின் மேடையை அசையாமல் பிடிக்க அது போதும், கம்ப்ரஸரின் குதியாட்டத்துக்குப் போதாது.

அந்த வீடியோக்களில் உங்களுக்கு உண்மையிலேயே உதவுவது சென்சார்தான். அதுவும் ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. போனுக்குள் முடியைவிட மெல்லிய சிலிக்கான் பற்கள் சீப்பு போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன. போன் அசைந்தால் பற்களுக்கு இடையிலான இடைவெளி மாறும். அதை மின்சாரமாக அளக்கிறது ஒரு சில்லு. ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இறக்கி, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்று கம்பங்களாகக் காட்டும் முடுக்க அலைமாலைப் பகுதியை அதில் திறந்து, போனைத் தளத்தில் டேப்பால் ஒட்டி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். 15 ஹெர்ட்ஸில் உயரமான கம்பம் நின்றால் பிஸ்டன். 24-இல் நின்றால் மோட்டார் அல்லது அதன் புல்லி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். 30-இலும் ஒன்று தெரியும், அது பிஸ்டன் வேகத்தின் இருமடங்கு, இயல்பானது. 15-க்கும் கீழே தனியாக ஒன்று எழுந்தால் பெல்ட்டைத் தடவிப் பாருங்கள், எங்கேயாவது பிய்ந்திருக்கும். ஸ்பிரிங் போடுவதற்கு முன்பும் பின்பும், மாடியிலும் தையல் கடை மேஜையிலுமாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் கம்பம் குட்டையானதை நேரில் காட்டினால் கீழ்க்கடைக்காரரும் சற்றுத் தணிவார்.

பேரிங் தேய்மானத்தை மட்டும் போனில் தேடாதீர்கள். அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் பேசும், போனுக்குக் காது எட்டாது. அதற்குத்தான் பீசோ சென்சார். ஒரு கம்ப்ரஸருக்கு அதை வாங்குவதைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளந்து கொடுப்பவரை அழைப்பது மலிவு.

எல்லாம் முடிந்து ஒரு குழாய் மட்டும் தனியாக அதிர்ந்துகொண்டே இருந்தால் எழுதுங்கள். உயரழுத்த மின்கம்பிகளில் சின்ன டம்பெல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1920-களில் கலிஃபோர்னியாவின் மின்நிறுவனப் பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் கண்ட உபாயம் அது. காற்றில் கம்பி அதிரும்போது டம்பெல் தான் ஆடி அந்தச் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். அதேபோல ஒரு பட்டைக் கம்பியும் ஒரு நட்டும் வைத்து உங்கள் குழாய்க்கும் செய்யலாம். வேகம் மாறாத எந்திரத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும்.

ஹோஸ் மாற்றும் அன்று மெயின் சுவிட்சை அணைத்து, டேங்க் காற்றை முழுக்க இறக்கி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.