மோவா பறவை: கேள்வி பதில்

நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: அண்ணா, நெருப்புக்கோழியை விடப் பெரியதா?

ப: மோவாவில் மொத்தம் 9 இனங்கள். எல்லாமே ராட்சதம் இல்லை, சின்னது வான்கோழி அளவுதான். பெரிய இனத்தில் பெட்டை கழுத்தை நிமிர்த்தினால் சுமார் 3.6 மீட்டர், எடை 230 கிலோ வரை. சேவல் எடையில் அதில் பாதிகூடத் தேறாது. அதனால் இரண்டும் வெவ்வேறு இனம் என்றே ரொம்ப நாள் வகைப்படுத்தியிருந்தார்கள். 2003-இல் வந்த டி.என்.ஏ. ஆய்வுகள்தான் குழப்பத்தைத் தீர்த்தன.

கே: இறக்கை எவ்வளவு நீளம் சார்?

ப: இறக்கையே கிடையாது. கிவிக்கும் ஈமுவுக்கும் பேருக்காவது ஒரு சிறகெலும்பு உண்டு; மோவாவுக்கு அதுவும் இல்லை. இத்தனைக்கும் அதன் நெருங்கிய சொந்தம், தென் அமெரிக்காவில் வாழும், பறக்கக்கூடிய டினமூ பறவை!

கே: அழிந்ததற்குப் பருவநிலை மாற்றம் காரணமா?

ப: இல்லை, மனிதர்கள்தான். அதற்கு முன் மோவாவுக்கு இருந்த பெரிய எதிரி ஹாஸ்ட் கழுகு மட்டுமே. மோவாவின் இடுப்பெலும்பில் கழுகின் நகம் துளைத்த ஓட்டைகள் இன்றும் தெரிகின்றன. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் முன்னோர் படகில் வந்து இறங்கினார்கள். அவர்கள் சமைத்த குழியடுப்புகளைத் தோண்டினால் மோவா எலும்பும் முட்டையோடும் குவியலாகக் கிடைக்கின்றன. வேட்டை ஒரு பக்கம், முட்டையை எடுத்தது இன்னொரு பக்கம். மோவாவோ மெதுவாக வளரும் பறவை. சில இனங்கள் முழு வளர்ச்சி அடையவே பல வருடம் ஆகும். அப்புறம் எப்படி ஈடுகொடுக்கும்? சுமார் 150 ஆண்டுகளில் 9 இனங்களும் காலி. இரை போனதும் கழுகும் போய்விட்டது.

கே: தோலோடு ஒரு மோவா கால் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

ப: நிஜம்தான். ஓவன் மலைக் குகை ஒன்றில் கிடைத்தது. செதில் செதிலாகத் தோலும், காய்ந்த தசையும், நகமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதன் வயது 3,000 ஆண்டுக்கு மேல். "இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறது" என்று கூடவே வந்த வரியை நம்ப வேண்டாம்.

கே: குளோனிங் செய்து திரும்பக் கொண்டுவர முடியுமா?

ப: 2025-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் முயலப்போவதாக அறிவித்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. மரபணுவைத் திருத்துவது இருக்கட்டும், பெரிய மோவாவின் முட்டை சுமார் 24 சென்டிமீட்டர் நீளம். இன்று கிடைக்கும் ஈமு முட்டை அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குஞ்சை எதற்குள் வளர்ப்பார்கள்?