அழைப்பு வந்ததும் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் எப்படிச் செல்கிறார்கள்? சொந்தக் காரில் விதிகளை மீறி விரைய அவர்களுக்கு உரிமை உண்டா?

பெரும்பாலோர் சொந்தக் காரில் செல்கிறார்கள். சிலர் சைக்கிளில் வருவார்கள். நிலையத்துக்கு மிக அருகில் குடியிருப்பவர்கள் ஓடியே வந்துவிடுவார்கள். சாலை விதிகளை மீறும் உரிமை பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குக் கிடையாது. கேள்விக்கு நேரடிப் பதில் இவ்வளவுதான் என்றாலும், ஒரு சிறிய ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறவன் என்ற முறையில், வீட்டு வாசலுக்கும் நிலையத்தின் கதவுக்கும் இடையிலான அந்தச் சில நிமிடங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எங்கள் பணியில் வெளியார் கண்ணுக்கு அதிகம் படாத பகுதியும், நாங்களே போதிய அக்கறை காட்டாத பகுதியும் அதுதான்.

முழுநேரத் தீயணைப்பாளர்கள் நிலையத்திலேயே தங்கியிருப்பார்கள். மணி அடித்தால் வண்டியில் ஏறிவிடலாம். எங்களுக்கு அப்படியில்லை. ஒருவர் கடையில் நின்றிருப்பார், ஒருவர் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார், ஒருவர் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். இடுப்பிலுள்ள பேஜர் ஒலிக்கும். இப்போது பல பிரிவுகளில் கைபேசிச் செயலியும் சேர்ந்து ஒலிக்கிறது. சில ஊர்களில் நிலையத்தின் கூரையிலுள்ள சைரன் ஊர் முழுவதையும் எழுப்பிவிடும். கையிலுள்ளதை விட்டுவிட்டு நிலையத்துக்குப் போய், பாதுகாப்பு உடை அணிந்து, தேவையான ஆட்கள் சேர்ந்த பிறகே தீயணைப்பு வண்டி புறப்படும். இது ஏதோ ஒரு மூலையில் நடக்கும் ஏற்பாடு அன்று. அமெரிக்காவின் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். ஜெர்மனியில் அவர்களின் எண்ணிக்கை சுமார் 10 லட்சம். சிலி நாட்டில் தீயணைப்பாளர்கள் அனைவருமே தன்னார்வலர்கள். அங்கே வால்பரைசோ துறைமுகத்தில் 1851-இல் தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இனி உரிமை பற்றி. இதில் நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பாளர் தம் தலைமை அதிகாரியின் எழுத்துவழி அனுமதியோடு காரில் நீல விளக்குப் பொருத்திக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அது மின்னும் பச்சை விளக்கு. இரண்டும் மற்ற ஓட்டுநர்களிடம் வழி கேட்கும் விளக்குகளே; வழியைப் பெறும் உரிமையை அவை தருவதில்லை. அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சிவப்புச் சிக்னலில் நிற்கவேண்டும், வேக வரம்புக்குள் ஓட்டவேண்டும். அமெரிக்காவின் வேறு சில மாநிலங்களில் சிவப்பு விளக்கும் சைரனும் பொருத்தி உரிய அனுமதி பெற்ற சொந்தக் காரை அவசர ஊர்தியாகவே சட்டம் ஏற்கிறது. பிரிட்டனில் அழைப்பின்பேரில் பணிக்கு வரும் தீயணைப்பாளர்களுக்குச் சொந்தக் காரில் விளக்கும் இல்லை, சலுகையும் இல்லை. அதனால்தான் நிலையத்திலிருந்து பொதுவாக 5 நிமிடத் தொலைவுக்குள் வசிப்பவர்களையோ வேலை செய்பவர்களையோ அங்குள்ள தீயணைப்புத் துறையினர் தேடிச் சேர்க்கிறார்கள். ஜெர்மனியின் நிலை சற்றுச் சிக்கலானது. அங்கே சாலைப் போக்குவரத்து விதிகளின் 35-ஆம் பிரிவு, தீயணைப்புப் பணிக்கு அவசரமாகத் தேவைப்படும்போது விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது; நிலையத்துக்குச் செல்லும் சொந்தக் காருக்கும் அது பொருந்தும் என்று நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. ஆனால் பிறருக்கு ஆபத்து நேராதபடி மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்; நீல விளக்கும் ஒலிப்பானும் இல்லாத காருக்கு மற்றவர்கள் வழிவிட்டாக வேண்டிய கடமையும் இல்லை. ஆகவே தாளில் உள்ள அந்த விலக்கை நம்பிச் சந்திப்பில் நுழைபவர், எதிரே வருபவருக்கு அது தெரியவே தெரியாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து நிலையம் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 3 நிமிடம் 36 விநாடி ஆகும். 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 2 நிமிடம் 34 விநாடி. வழியில் எங்குமே நிற்காமல் போனாலும் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக நாம் கொடுக்கும் விலை என்ன? பிரேக் பிடித்த பிறகு கார் ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 50-லிருந்து 70-க்குப் போகும்போது அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது. அதுவும் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்து மூன்று நிமிடம்கூட ஆகாத, இதயம் படபடத்துக்கொண்டிருக்கிற ஒருவர் ஓட்டும் காரில்.

அந்த நிமிடம் உண்மையில் மிச்சமாகிறதா என்பது அடுத்த கேள்வி. தீயணைப்பு வண்டி ஒருவர் வந்ததும் புறப்பட்டுவிடாது. வண்டியை ஓட்டவும் பம்பை இயக்கவும் தெரிந்தவர் வேண்டும்; மூச்சுக் கருவி அணியத் தகுதி பெற்றவர்கள் வேண்டும். எரியும் கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால் அவர்களை மீட்கத் தயாராக இருவர் வெளியே நிற்கவேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. வேறு பல இடங்களிலும் நடைமுறை இதை ஒட்டியே இருக்கிறது. எனவே வண்டி புறப்படும் நேரத்தை முடிவு செய்பவர் முதலில் வருபவர் அல்லர், தேவையான நான்காமவரே. முதலாமவர் உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்திய நிமிடம் நிலையத்தில் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சேர்ந்த முதல் ஆண்டில், நள்ளிரவு 2 மணிக்கு வீடு பற்றி எரிவதாக அழைப்பு வந்தது. வெறிச்சோடிய சாலை என்ற துணிச்சலில் ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்த்தும் நிறுத்தாமல் திரும்பினேன். விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவர், என் காரின் முன்பக்கத்துக்கு ஒரு கை தூரத்தில் சாய்ந்து விழுந்தார். அவருக்குக் காயம் ஒன்றுமில்லை. எழுந்து என்னைப் பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு நடுங்கும் கைகளோடு நிலையத்துக்கு வந்தபோது அங்கே இன்னும் யாரும் வரவில்லை. கதவைத் திறந்து, உடை அணிந்து, வண்டி ஓட்டுபவர் வரும்வரை ஆறு நிமிடம் நின்றேன். அந்த ஆறு நிமிடமும் அந்த மனிதரின் முகம்தான் என் கண்முன் இருந்தது. மறுநாள் எங்கள் அதிகாரி என்னை உட்காரவைத்து, "உன் வீட்டிலிருந்து இங்கே வர எத்தனை சந்திப்புகள், அவற்றில் எத்தனையில் நின்றாய்?" என்று மட்டும் கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடுத்த மூன்று மாதம் நான் வண்டியில் ஏறவில்லை. நிலையத்தில் குழாய்களை உலர்த்தி அடுக்கும் வேலையைச் செய்தேன். அந்தத் தண்டனை சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பாளர்களில் மாரடைப்பு போன்ற திடீர் உடல்நலக் கோளாறுகளுக்கு அடுத்தபடியாக நீண்டகாலமாக அதிகம் பேரைப் பலிகொண்டு வருவது வாகன விபத்துகள். அழைப்புக்குச் சொந்தக் காரில் விரைந்து வரும்போது இறந்த தன்னார்வலர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். தீயின் அருகே வராமலே இறந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் நேரத்தை எங்கே மிச்சப்படுத்துவது என்று கேட்டால், கார் நகரத் தொடங்குவதற்கு முன்பு என்பதே என் பதில். இரவில் காற்சட்டை, காலுறை, சாவி, அடையாள அட்டை ஆகியவை ஒரே நாற்காலியில், இருட்டிலும் கை போகும் வரிசையில் இருக்கும். காரை எப்போதும் பின்னோக்கிச் செலுத்தி, முகப்பு சாலையைப் பார்க்கும்படி நிறுத்துகிறேன். எரிபொருளைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. குளிர் நாடுகளில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவதற்கே இரண்டு நிமிடம் போய்விடும் என்பதால், அங்குள்ளவர்கள் மாலையிலேயே கண்ணாடியை மூடி வைக்கிறார்கள். இந்தச் சிறு பழக்கங்கள் எனக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரம், அன்று சிவப்பு விளக்கைத் தாண்டியதில் கிடைத்ததைவிட அதிகம். செயலியும் பெரிதும் உதவுகிறது: யார் வருகிறார்கள், யாரால் வர இயலாது என்பது நிலையத்தின் திரையில் தெரிவதால், ஆள் குறைவு என்றால் பக்கத்துப் பிரிவை உடனே அழைத்துவிடலாம்.

நேராகத் தீப்பற்றிய இடத்துக்கே காரில் போய்விடக் கூடாதா என்று பலர் கேட்பதுண்டு. அதிகாரிகளுக்கும், சம்பவ இடம் வழியிலேயே இருக்கும்போது சிலருக்கும் அது அனுமதிக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. குறுகிய தெருவில் பத்துக் கார்கள் முன்கூட்டியே வந்து நின்றுவிட்டால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியாது. நீர்க்குழாய் விரிக்க இடமிருக்காது. தண்ணீரும் ஏணியும் மூச்சுக் கருவியும் இல்லாமல் அங்கே போய் நிற்பவரால் பெரிதாக எதுவும் செய்யவும் முடியாது. பாதுகாப்பு உடையைக் காரிலேயே வைத்திருக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்து வருவதுதான். புகையில் ஊறிய அந்த உடையிலிருந்து நச்சுப் பொருள்கள் காருக்குள் பரவும். தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் தொகுதியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் சேர்த்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் காரில் அந்த உடை இருக்கக்கூடாது.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விடியற்காலை 5 மணிக்குக் குழாய்களைக் கழுவி, மூச்சுக் கருவிகளின் உருளைகளை மாற்றி முடித்த பிறகு, போகும்போது இருந்த பதற்றம் வடிந்து, கண் இமைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அப்போது ஓட்டுவதும் குறைந்த ஆபத்தன்று. எங்கள் நிலையத்தில் இப்போது இருவர் இருவராகச் சேர்ந்து, யார் கொஞ்சம் தெளிவாக இருக்கிறாரோ அவருடைய காரில் வீடு திரும்புகிறோம். மற்றவர் தம் காரைப் பகலில் வந்து எடுத்துக்கொள்வார். தனியாக ஓட்டி வந்த நாள்களில், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், காரைப் பின்னோக்கி நிறுத்திய பிறகே உறங்கப் போகிறேன்.