ராடா, மெஷினா? திருச்சி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. பள்ளி ஆசிரியை. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் என் அம்மா (76) குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அந்தப் பயத்தில் நானும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொண்டேன். ‘அடர்த்தி கொஞ்சம் குறைவு, எலும்புப்புரை அளவுக்குப் போகவில்லை, வெயிட் தூக்கிப் பழகுங்கள்’ என்றார் டாக்டர். மூன்று மாதமாகப் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போகிறேன். மாஸ்டர் என்னை மெஷினில் மட்டும்தான் உட்கார வைக்கிறார். காலேஜ் படிக்கும் என் மகனோ, ‘மெஷின் எல்லாம் சும்மாம்மா, ராடும் டம்பெல்லும் எடுத்தாத்தான் பலம்’ என்கிறான். அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சம். முதுகு பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. யார் சொல்வது சரி?
– வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று மாதமாக விடாமல் போகிறீர்களே, அதற்கு முதலில் என் வாழ்த்துகள். பள்ளி வேலை, ஆபரேஷன் ஆன அம்மா, வீடு என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இதற்கும் நேரம் ஒதுக்குவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மாஸ்டர் ஆரம்பித்து வைத்த விதத்தில் தப்பில்லை. மகன் சொல்வதில் பாதி நிஜம். மெஷினை விட வேண்டாம். ஆனால் கையில் வெயிட்டைப் பிடித்து நின்று பழக வேண்டிய நேரம் உங்களுக்கு வந்துவிட்டது. இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

மகன் சொல்வதில் நிஜமில்லாத பாதியை முதலில் சொல்கிறேன். தசைக்குக் கண் கிடையாது. தன்னை இழுப்பது மெஷினின் கம்பியா, கையில் இருக்கும் டம்பெல்லா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு சிரமப்பட்டோம் என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பலத்தில் மட்டும் ஒரு சங்கதி இருந்தது: எதில் பழகினார்களோ, அதில் சோதித்துப் பார்க்கும்போதுதான் பலம் அதிகமாகத் தெரிந்தது. மெஷினில் பழகியவர் மெஷினில் கெட்டி, ராடில் பழகியவர் ராடில் கெட்டி.

இதை நான் நேரில் பார்த்த விதம் இது. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா, 58 வயது. அதற்கு முன் இரண்டு வருடம் வேறொரு ஜிம்மில் மெஷின் மட்டும் செய்தவர். சாய்ந்து உட்கார்ந்து காலால் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் 60 கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தள்ளினார். பயிற்சி முடிந்து கிளம்பும்போது, தரையில் வைத்திருந்த காய்கறிப் பையை எடுத்தார். ஏழெட்டு கிலோ இருக்கும். முழங்காலும் மடங்கவில்லை, இடுப்பும் பின்னால் போகவில்லை. முதுகு மட்டும் வில்லாக வளைந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ‘அப்பாடா’ என்று எழுந்தார். காலில் பலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலத்தை வைத்துத் தரையிலிருந்து ஒரு பொருளைத் தூக்கும் வித்தை உடம்புக்கு வரவில்லை. லெக் பிரஸ்ஸில் முதுகுக்கு மெத்தை உண்டு, பாரம் ஓடுவதற்குத் தண்டவாளம் உண்டு. பைக்கு அதெல்லாம் ஏது?

உங்கள் வீட்டில் தண்ணீர் கேன் யார் தூக்கி வைக்கிறார்கள்? 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஜிம்மில் ஆண்கள் பிடிக்கும் நீளமான ஒலிம்பிக் ராடு, பிளேட் (எடைத் தட்டு) எதுவும் மாட்டாமல் சரியாக 20 கிலோ. பெண்களுக்கான ராடு 15 கிலோ. மகன் எடுக்கும் அந்த ராடைப் பார்த்துப் பயப்படும் நீங்கள், மகன் வீட்டில் இல்லாத நாளில் அதே எடையுள்ள கேனைத்தான் தூக்குகிறீர்கள். அதுவும் உள்ளே தண்ணீர் ததும்ப, பிடிப்பதற்கு ஒழுங்கான பிடி இல்லாமல். ஜிம்மில் இருக்கும் ராடு அதைவிட எவ்வளவோ சாது.

இனி எலும்பு விஷயம். உங்களுக்கு இதுதான் முக்கியம். எலும்பு தன் மேல் ஏறும் பாரத்தைப் பார்த்துத்தான் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். நின்றுகொண்டு பாரம் பிடிக்கும்போது, பாதம் தொடங்கி இடுப்பு, முதுகெலும்பு வரை அத்தனையும் அதைத் தாங்குகிறது. ஆஸ்திரேலியாவில் லிஃப்ட்மோர் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் ராடு பிடித்தார்கள். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், கூடவே குதித்து இறங்கும் ஒரு பயிற்சி. முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்குச் சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த இன்னொரு குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. முதுகைப் பற்றிப் பயப்படுகிறீர்கள் அல்லவா? அந்த எட்டு மாதத்தில் ராடு பிடித்தவர்களில் பதிவான பாதிப்பு, ஒரே ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு மட்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராடில் பிளேட் மாட்டிவிடாதீர்கள். அந்தப் பெண்களுக்கு முதல் மாதம் முழுக்க உடல் எடையிலும் குறைந்த பாரத்திலும் முறையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி வரை பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படித்தான் போக வேண்டும். அதற்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என் முதுகெலும்பில் ஏற்கனவே விரிசலோ, அமுங்கிய இடமோ இருக்கிறதா?’ இல்லை என்று அவர் சொன்னபிறகு தொடங்கலாம்.

முதலில் இடுப்பை மடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் குடம் இருக்கும்போது, பின்னால் திறந்து கிடக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவுதான். வீட்டிலேயே பழகலாம். மாப் குச்சியை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, முதுகெலும்பின் அடி என மூன்று இடத்திலும் குச்சி ஒட்டியிருக்க வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். எந்த இடத்தில் குச்சி விலகுகிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் எல்லை. அங்கேயே நிறுத்தி நிமிருங்கள். தினமும் பத்துத் தடவை செய்தால் இரண்டு வாரத்தில் உடம்புக்குப் புரிந்துவிடும். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். கீழ்முதுகு இழுத்தால் மறுபடி குச்சியை எடுங்கள்.

அப்புறம் ஜிம்மில் ஒரு ஸ்டெப் பலகையின் மேல் 8 கிலோ கேட்டில்பெல்லை (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) வையுங்கள். அதே அசைவில் எடுங்கள், வையுங்கள். இதுதான் டெட்லிஃப்ட். பெயர்தான் பயமாக இருக்கும். தொடர்ந்து எட்டு ரெப்ஸ், அதாவது எட்டு முறை செய்தால் ஒரு செட்; அப்படி மூன்று செட். முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து முறைகூடச் செய்யலாம் என்று தோன்றினால் எடை போதவில்லை. மெஷினில் மூன்று மாதமாக எடை மாற்றும் பின்னை ஒரே இடத்தில் செருகி, ஒரே எடையைத் தள்ளிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். எடை ஏறவில்லை என்றால் மெஷினும் வீண், ராடும் வீண். உங்கள் மாஸ்டர் இந்த மூன்று மாதத்தில் எடையை ஏற்றினாரா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

டெட்லிஃப்ட்டோடு ஸ்குவாட்டும் வேண்டும். பின்னால் ஒரு பெஞ்சை வைத்துக்கொண்டு, ஒரு டம்பெல்லை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, உட்கார்ந்து எழுங்கள். பேருந்து சீட்டிலிருந்து பையோடு எழுவது மாதிரி. அதன்பின் நின்றபடி இரண்டு சிறிய டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது. கடைசியாக, கைக்கு ஒரு டம்பெல்லோடு ஜிம்மின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நிமிர்ந்து நடப்பது. எதைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. இதையெல்லாம் வாரம் இரண்டு நாள், ஒருநாள் விட்டுச் செய்தால் போதும்.

மெஷினை எங்கே வைத்துக்கொள்வது? முதுகுக்கும் தோளுக்கும். கம்பியைத் தொங்கிப் பிடித்து உடம்பை மேலே இழுக்க நம்மில் பலரால் முடியாது. உட்கார்ந்தபடி மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன் மெஷின் அதே வேலையை நம்மால் முடிந்த எடையில் தருகிறது. உட்கார்ந்து இழுக்கும் ரோயிங்கும் அப்படித்தான். லெக் பிரஸ்ஸையும் கடைசியில் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போன காலை, தடுமாறும் பயமில்லாமல் இன்னும் கொஞ்சம் வேலை வாங்க அதைப் போல வசதியானது இல்லை. சில மெஷின்களின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் கம்பி ஓடும் சக்கரம் வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கும். 1970-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் கொண்டுவந்த நாட்டிலஸ் மெஷின்களால் பிரபலமான உத்தி அது. நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் சுருள் ஓட்டைப் போன்ற சக்கரம் என்பதால் அந்தப் பெயர். கை எந்தக் கோணத்தில் வலுவாக இருக்குமோ அங்கே பாரத்தைக் கூட்டி, தளரும் கோணத்தில் குறைத்துக் கொடுக்கும். டம்பெல்லால் இது முடியாது. மெஷினைச் ‘சும்மா’ என்று சொல்லும் மகனிடம் இந்தச் சக்கரத்தைக் காட்டுங்கள்.

ஆனால் மெஷினில் உட்காரும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உட்கார்ந்து முழங்காலை நீட்டிப் பாரம் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷனில் மெஷினின் கை சுழலும் அச்சு உங்கள் முழங்காலுக்கு நேராக இருக்கிறதா? ஐந்தடி உயரப் பெண்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. சீட் ஆழமாக இருக்கும், முதுகு சாய்வு எட்டாது, முழங்கால் அச்சுக்குப் பின்னால் நிற்கும். நானே என் ஆரம்ப நாட்களில், எனக்கு முன் உட்கார்ந்தவர் வைத்த சீட்டிலேயே உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்து, மாடிப்படி இறங்கும்போதெல்லாம் முழங்கால் வலியோடு இருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டித் தலையணையை வைத்ததும் சரியானது. சீட், சாய்வு இரண்டிலும் எண் போட்டிருப்பார்கள். உங்கள் எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மெஷின்களை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம்: முன்னால் மடங்கி வயிற்றுக்குச் செய்வது, உட்கார்ந்து இடுப்பைத் திருப்புவது. அடர்த்தி குறைந்த முதுகெலும்பைப் பாரத்தோடு மடக்குவதும் முறுக்குவதும் ஆபத்து. தொப்பை குறையும் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

இன்னொன்று, லெக் பிரஸ்ஸில் போட்ட கிலோவை ஸ்குவாட்டோடு ஒப்பிடாதீர்கள். 45 டிகிரி சாய்வில் 100 கிலோவைத் தள்ளினால் காலுக்கு ஏறுவது சுமார் 70 கிலோ. அதனால் கையில் 6 கிலோ டம்பெல்லோடு ஸ்குவாட் செய்யும்போது, ‘இவ்வளவுதானா நான்’ என்று மனம் சோர வேண்டாம். அங்கே உங்கள் உடம்பையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மூலை பையன்களின் மூலை என்று யாரும் பட்டா எழுதி வைக்கவில்லை. நீங்களும் அதே கட்டணம்தான் கட்டுகிறீர்கள். மாஸ்டரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘மாஸ்டர், எலும்புக்காக வெயிட் தூக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். டெட்லிஃப்ட்டும் ஸ்குவாட்டும் லேசான எடையில் கத்துக்கொடுங்க. முதல் ஒரு மாசம் பக்கத்துல நின்னு பாருங்க.’ நல்ல மாஸ்டர் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார். ‘இந்த வயசுல எதுக்கு மேடம்’ என்றால் வேறு ஜிம் பாருங்கள். மகனையும் உடன் அழைத்துப் போவது நல்லது. பையன்கள் கூட்டம் குறைந்த நேரத்தில் போய் நான்கு நாள் பழகிவிட்டால் கூச்சம் தானாகப் போய்விடும். துப்பட்டாவை வீட்டிலேயே வையுங்கள், கம்பியில் சிக்கும். வளையலைக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலி அணிந்திருந்தால் உள்ளே தள்ளி, மேலே ஒரு பின் குத்திக்கொள்ளுங்கள். நெஞ்சோடு டம்பெல் பிடிக்கும்போது சங்கிலி நடுவில் மாட்டிக் கழுத்தை இழுக்கும்.

உங்கள் அம்மாவுக்காக நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கப்பியும் எடையும் கொண்ட மெஷின்தான். காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்தார்கள். அம்மாவுக்கு 76தான். ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டு, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் கைப்பிடியை நன்றாக அழுத்தி எழட்டும். பிறகு விரல் நுனி மட்டும். நீங்கள் ஜிம்முக்குப் போகாத நாட்களில், பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.