கிராம சபைத் தீர்மானத்துக்கு எவ்வளவு மதிப்பு? – கேள்வி பதில்

கிராம சபை, ஊராட்சித் திட்டம், கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

‘மக்கள் பங்கேற்புடன் வளர்ச்சி’ என்று எல்லா அரசும் சொல்கிறதே, இது எப்போது ஆரம்பித்தது ஐயா? (ஓர் ஆசிரியை, தேனி)

1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா. ஐந்தே ஆண்டில் ஒன்றிய அரசு அமைத்த பல்வந்த்ராய் மேத்தா குழு அதை ஆராய்ந்துவிட்டு, அதிகாரிகள்தான் திட்டம் நடத்துகிறார்கள், மக்கள் ஒட்டவில்லை என்றது. தேர்ந்தெடுத்த அமைப்புகளின் கையில் கொடுங்கள் என்றும் சொன்னது. நம் ஊர் பஞ்சாயத்து யூனியன்களெல்லாம் அந்தப் பரிந்துரையை ஒட்டி, காமராஜர் ஆட்சியில் 1958-இல் வந்த சட்டத்தின் வழியே உருவானவை.

ஆனாலும் தேர்தல் நடத்துவது மாநில அரசின் விருப்பமாகவே இருந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம்தான் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், கிராம சபை, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் ஊராட்சி தானே திட்டம் தீட்டுவது எல்லாவற்றையும் அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

எங்கள் ஊர் கிராம சபையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நடந்ததாக எழுதிவிட்டார்கள். செல்லுமா? (திண்டிவனம் பக்கம்)

செல்லாது. தமிழ்நாட்டில் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எத்தனை என்று பாருங்கள், நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே கூட்டி வந்து கையெழுத்து வாங்குவதும் நடக்கும். கூட்டத்தைக் கவனிக்க அரசுத் தரப்பில் பற்றாளராக வரும் அலுவலரிடம் அங்கேயே சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் புலம்பினால் பதிவேடு மாறாது.

கூட்டத்தில் எங்கள் தெருவுக்கு வடிகால் கேட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வருடமாகியும் ஒன்றும் இல்லை. யாரைப் பிடிப்பது அண்ணா? (ஒரு கல்லூரி மாணவர், திருவாரூர்)

தம்பி, முதலில் தீர்மானப் புத்தகத்தைப் பிடியுங்கள். நீங்கள் பேசியது அதில் ஏறியதா? பெரும்பாலும் ஏறியிருக்காது. ‘பொதுமக்கள் கோரிக்கைகள் பெறப்பட்டன’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். இந்த வேலை, இந்த இடத்தில், இத்தனை மீட்டர் என்று எழுதி, கூட்டத்திலேயே வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போட வேண்டும். நகல் கேட்டு மனுவும் கொடுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது காலம். மே தினக் கூட்டத்தில் பேசிவிட்டு ஆகஸ்ட்டில் வேலை தொடங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அக்டோபர் 2-க்குப் பிறகான மாதங்களில்தான் தயாரிப்பார்கள். அதில் இடம்பெற்ற வேலை ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் வடிகால் அங்கே இல்லையென்றால், கை தட்டல் மட்டும்தான் மிச்சம். நான் கேட்டால் ஆண்டுக்கு ஆறு கூட்டத்தில் அக்டோபர் 2 கூட்டத்தை மட்டுமாவது தவறவிடாதீர்கள் என்பேன்.

எதைக் கேட்டாலும் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஒன்றிய அரசின் வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்குமே கட்டிப்போட்டது. மீதி 40-ஐத்தான் ஊர் தன் தேவைக்குச் செலவழிக்க முடிந்தது, அதிலும் சம்பளத்துக்கு எடுக்கக்கூடாது என்றிருந்தது. ஆகவே நூலகம் கேட்டால் இழுக்கும், தண்ணீர்க் குழாய் கேட்டால் நகரும். எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதம் என்று வரவு செலவை வாசிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கோரிக்கை வையுங்கள். ‘நிதி இல்லை’ என்ற பதில் அந்த வாசிப்புக்குப் பிறகு சுலபமாக வராது.

பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் கிராம சபை தோறும் தீர்மானம் போடுகிறார்கள், அரசு கண்டுகொள்ளவில்லை. ஒடிசாவில் நியாம்கிரி மலைக்கு மட்டும் எப்படி நடந்தது? (காஞ்சிபுரத்திலிருந்து இருவர்)

இதுதான் இந்தச் சுற்றிலேயே முக்கியமான கேள்வி. நியாம்கிரியில் பாக்சைட் வெட்ட வேதாந்தா போட்ட திட்டத்தைக் கிராம சபைகள் முன் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. டோங்ரியா கோந்து பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் 12 சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்துவிட்டது. அங்கே துணை நின்றது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது கிராம சபையின் முடிவுக்குச் சட்ட வலு கொடுத்திருந்தது.

பரந்தூரில் நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொழில் நில எடுப்புச் சட்டத்தின் கீழ். அதில் கிராம சபையின் சம்மதம் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளும் தமிழ்நாட்டில் கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளுக்கான தனிப் பாதுகாப்பும் நமக்கு வராது. ஆக, அந்தத் தீர்மானங்கள் ஊரின் எதிர்ப்புக்குச் சான்று, அரசியல் அழுத்தம். நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்கலாம். திட்டத்தை அவையாகவே நிறுத்தாது. வடிகாலுக்கு ஊரைக் கேட்கும் அரசு, ஊரையே எடுக்கும்போது கேட்காமலிருக்க இடம் வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது பெரிய முரணாகவே தெரிகிறது.

சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பில் எல்லாரும் எதிர்த்தால் ஆலை வராதா?

வரலாம். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும், அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். நீங்கள் எழுப்பும் ஒவ்வொரு கவலைக்கும் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும். ‘வேண்டாம்’ என்று கோஷம் போட்டால் அதற்கு ஒரு வரி போதும். கிணற்று நீர், பறவைகள், ஏரிக்கால் என்று விவரமாக எழுத்தில் கொடுத்தால் அவர்கள் உட்கார்ந்து பதில் தயாரிக்க வேண்டியிருக்கும். குறைவெண் வரம்பும் இதற்கு இல்லை. நீங்கள் புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு.

கேரளத்தை எல்லாரும் புகழ்கிறார்களே?

1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் அவர்கள் முதலில் பணத்தை ஒதுக்கினார்கள். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. ஒவ்வொரு பஞ்சாயத்தும் வளர்ச்சி அறிக்கை எழுதியது, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் தொண்டர்களாக வந்து மதிப்பீடுகளைச் சரிபார்த்தார்கள். குறைகளும் உண்டு, நடுத்தர வர்க்கம் கிராம சபைப் பக்கம் அதிகம் வரவில்லை. ஆனால் கையில் காசு இருந்ததால் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது.

நகரத்தில் இருக்கிறேன், எனக்கு என்ன வழி? (மதுரை)

பகுதி சபை, நகரத்து வார்டுகளுக்குக் கிராம சபை மாதிரி. 2022 நவம்பர் 1-இல் தமிழக நகரங்களில் தொடங்கியது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள்.

தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அரசு நியமித்த தனி அலுவலர் இருக்கும்போது கிராம சபைக்குப் போய் என்ன பயன்?

2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை, சில மாவட்டங்களில் 2021 வரை, இதே நிலை இருந்தது. தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லையென்று நிதிக்குழு மானியமும் அப்போது தேங்கி நின்றது. ஆனால் கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான், அவர்களுக்குப் பதவிக்காலம் கிடையாது. திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் ஒப்புதல் தருவது இப்போதும் சபைதான். தனி அலுவலருக்குத் தெருவில் ஓட்டுக் கேட்டு வர வேண்டிய தேவை இல்லை, அதனால் கணக்கை இன்னும் கூர்ந்து கேளுங்கள்.