வீட்டை அடகு வைத்து டாக்டராக்க வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. பெரியப்பாவும் அத்தையும் ஒரே பிடியாக நிற்கிறார்கள்: டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும். டர்பனில் இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுத் தனியார் கல்லூரி, அதற்கு வீட்டின் மேல் பாண்டு (அடமானக் கடன்) எடுக்கலாம் என்பது வரை பேச்சு போயிருக்கிறது. மகளோ, பள்ளிகளுக்கும் கோவில்களுக்கும் சோலார் போடக் கடன் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்தப் போகிறேன் என்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையா? பயமாக இருக்கிறது" என்கிறார் தாய்.

பயப்படுங்கள் அம்மா, ஆனால் அந்த பாண்டைப் பார்த்துப் பயப்படுங்கள்.

மருத்துவம் இங்கே ஆறு வருடப் படிப்பு. அப்புறம் இரண்டு வருடப் பயிற்சி, ஒரு வருடக் கட்டாய சமூகப் பணி. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சில நூறு இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதுகிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினால் இங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் தேர்வை எழுதித் தேற வேண்டும். இங்கேயே படித்து முடித்த இளம் டாக்டர்களே அரசு வேலைக்காகக் காத்திருப்பது சமீப வருடங்களில் எல்லாரும் பார்த்த செய்தி. டாக்டருக்கு வேலை நிச்சயம் என்ற ஒரே வாதத்தை நம்பி வீட்டை வைக்கச் சொல்பவர், தவணை தவறினால் வந்து கட்டப் போவதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் மகள் நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. ஆனால் 2023இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது கோவில் மண்டபத்து ஜெனரேட்டரின் டீசல் ரசீதுகளை மாதவாரியாக ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே கரண்ட் பில்லை எழுதி, மூன்று கடைகளில் சோலார் விலை கேட்டு வைத்தாள் என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் முதலில் செய்யும் வேலை அதுதான்.

சிஏ, சட்டம், ஐடி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அத்தைக்கே தெரியும். மகள் சொல்லும் வழியைப் பார்ப்போம்.

2011இல் அரசு தனியாரிடம் காற்றாலை, சூரிய மின்சாரம் வாங்கும் ஏலத்தைத் தொடங்கியது. அதிலிருந்து பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்க நம் வங்கிகள் பழகிவிட்டன. சின்னத் திட்டங்கள்தான் அந்தரத்தில் நிற்கின்றன. ஒரு பள்ளிக்கு 3 லட்சம் ராண்ட் கடன் கொடுக்கவும் கிட்டத்தட்ட அதே காகித வேலை, அதே வக்கீல். லாபம் மட்டும் சொற்பம். அந்த இடைவெளியில்தான் லாப நோக்கற்ற நிதி நிறுவனம் நுழைகிறது. நன்கொடையும் வளர்ச்சி வங்கிகளின் குறைந்த வட்டிப் பணமும் சேர்த்துக் கடன் கொடுக்கும். உதாரணத்துக்கு, அந்த 3 லட்சத்தில் போட்ட சோலார் மாதம் 5,000 ராண்ட் பில்லைக் குறைத்தால், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் ஐந்து வருடத்தில் அசல் திரும்பிவிடும். பேனல் இருபத்தைந்து வருடம் உழைக்கும். பேட்டரியை மட்டும் நடுவில் மாற்ற வேண்டியிருக்கும். திரும்பி வந்த பணம் அடுத்த பள்ளிக்குப் போகும், ஸ்டாக்வெல் என்ற நம் ஊர்ச் சீட்டுப் பணம் கைமாறுவதைப் போல. லோட் ஷெட்டிங் குறைந்த பிறகும் இதன் தேவை குறையவில்லை. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023இல் 18.65 சதவீதமும் 2024இல் 12.74 சதவீதமும் ஏறியது.

இதை நடத்துபவருக்கு நல்ல மனசு மட்டும் போதாது. நிறுவனச் சட்டப்படி லாப நோக்கற்ற நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வேண்டுமானால் வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அங்கீகாரம் வாங்க வேண்டும். கடன் கொடுக்கிறோம் என்பதால், கடன் கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்தும் தேசியக் கடன் சட்டமும் கேள்வி கேட்கும். அப்புறம் கூரை. நம் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள் இருக்கின்றன. அதில் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது. கூரையையே மாற்ற வேண்டி வந்தால் மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். ஈத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும். புதிய நிறுவனத்தின் தலைவர் முதல் வருடம் இத்தனையையும் பெரும்பாலும் தானேதான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் அரசு இப்படிப்பட்ட தொண்டு அமைப்புகளுக்கு மொத்தம் 2,000 கோடி டாலர் அறிவித்தது. அடுத்த வருடமே புதிய அரசு அதை முடக்க, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஒரே கையை நம்பிய நிறுவனம் அந்தக் கை மூடினால் நின்றுவிடும். சம்பளமும் ஆரம்பத்தில் வங்கியை விடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே படித்து முடித்ததும் நிறுவனம் தொடங்குகிறேன் என்றால் நானே தடுப்பேன். முதலில் ஏதாவது வங்கியின் கடன் பிரிவிலோ, தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கி போன்ற இடத்திலோ சில வருடம் வேலை பார்த்து, கடன் எப்படி மூழ்கும் என்று அடுத்தவர் பணத்தில் கற்றுக்கொள்ளட்டும். அந்த வளர்ச்சி வங்கியே பசுமைக் காலநிலை நிதியத்தின் ஆதரவோடு காலநிலைக்கென்று தனி நிதிப் பிரிவு வைத்திருக்கிறது. நாளைக்கு அவளுக்குக் கடன் கொடுக்கப் போகிறவர்களும் அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள்தான்.

படிப்பு: நிதி அல்லது பொருளாதாரத்தில் பி.காம், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே. தினமும் வீட்டிலிருந்து போய் வரலாம். மின்பொறியியல் பிடித்தால் அதுவும் சரி. மேற்படிப்புக்கு ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசின் மாணவர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு மேல் என்றாலும் இங்குள்ள கட்டணம் வீட்டை விழுங்காது.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மார்க் கூடும் என்று யாராவது சொன்னாலும் அவளைக் கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டரசிக்கு (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) மாற்றாதீர்கள். மாற்றினால் மேலே சொன்ன பி.காம், மின்பொறியியல் கதவுகள் மூடிவிடும். இந்த டிசம்பர் விடுமுறையில், பக்கத்தில் சோலார் போடும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால், இரண்டு வாரம் கூடவே போய் விலைப்பட்டியல் போடுவதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான் செலவு.