பஸ் படிக்கட்டில் மாட்டியவர்: கார்டன் ஜாக்சன் கேள்வி பதில்

பழைய பிரிட்டிஷ் படங்களின் துணை நடிகர்கள் வரிசையில் இந்த முறை கார்டன் ஜாக்சன் (1923–1990). கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. தொடங்கும் முன் ஒரே வேண்டுகோள்: அவர் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ‘இங்கிலாந்து நடிகர்’ என்று எழுதாதீர்கள்.

கே: சார், இவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்? நாடகக் குழுவிலிருந்தா?

பள்ளி நாட்களிலேயே பிபிசி வானொலியில் நடித்திருக்கிறார். ஆனால் பிழைப்புக்குப் போனது ரோல்ஸ் ராய்ஸ் ஆலைக்கு, வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சிக்கு. போர்க்காலத்தில் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த ‘தி ஃபோர்மேன் வென்ட் டு ஃபிரான்ஸ்’ (1942) படத்தில் ஓர் இளம் ஸ்காட்டிஷ் சிப்பாய் தேவைப்பட்டார். அப்படித்தான் உள்ளே வந்தார். அன்றைய போர்ப் படங்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது: ஒரு லண்டன்காரர், ஒரு வேல்ஸ்காரர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்று எல்லாப் பகுதி முகமும் இருந்தாக வேண்டும். ஸ்காட்டிஷ் பையன் நாற்காலியில் ஜாக்சனை உட்கார வைத்துவிட்டார்கள். ‘மில்லியன்ஸ் லைக் அஸ்’ (1943) படத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, கொஞ்ச நாளிலேயே விமானப் போரில் செத்துப்போகும் கூச்ச சுபாவக்காரர். அந்தக் கூச்சத்தை வைத்தே பல வருஷம் ஓட்டினார்.

கே: மைக்கேல் ஜாக்சனுக்கு உறவா?

இல்லை. கிளெண்டா ஜாக்சனுக்கும் இல்லை, பீட்டர் ஜாக்சனுக்கும் இல்லை. ஜாக்சன் கேள்விகள் இதோடு முடிந்தன.

கே: ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) படத்தில் அவர் மாட்டிக்கொள்ளும் காட்சி சுத்த அபத்தம். மற்ற கைதிகளிடம் திடீரென்று ஆங்கிலத்தில் பேசி, பதில் வருகிறதா என்று சோதிப்பவரே அவர்தான். அதே பொறியில் அவரே விழுவாரா? திரைக்கதை எழுதியவர்கள் தூங்கிவிட்டார்களா?

பார்க்காதவர்களுக்காக: ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிய மெக்டொனால்டும் (ஜாக்சன்) பார்ட்லெட்டும் (ரிச்சர்ட் அட்டன்பரோ) பிரிட்டிஷ் கைதிகள் என்று காட்டிக்கொள்ளாமல் பஸ் ஏறப் போகிறார்கள். கெஸ்டாபோ (நாஜி ரகசியப் போலீஸ்) ஆள் காகிதங்களைப் பார்க்கிறான். எல்லாம் சரி. ஏறும் நேரத்தில் அவன் ஆங்கிலத்தில் ‘குட் லக்’ என்கிறான். ஜாக்சன் ‘தேங்க் யூ’ என்கிறார். கதை முடிந்தது.

எனக்கு இது அபத்தமாகப் படவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து மூச்சு விடும் அந்த ஒரு நொடியில்தான் மனுஷன் சறுக்குவான். ஜாக்சன் அதை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். யோசிக்கும் பாவனையே இல்லை. கடைக்காரர் சில்லறை கொடுத்தால் நன்றி சொல்வதுபோல் இயல்பாக வருகிறது. சொல்லி முடித்த பிறகுதான் முகம் இறுகுகிறது. இதையே ஆர்ப்பாட்டமான நடிகர் செய்திருந்தால், வாயைத் திறக்கும் முன்பே கண்ணை உருட்டி நமக்குக் காட்டிக்கொடுத்திருப்பார்.

அதே வாசகர் மறுபடியும்: நடிப்பு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்றுக்கொடுத்தவரே தவறுவது ரசிகனை அழவைக்கப் போட்ட கணக்குதானே?

கணக்குதான். எந்தத் திரைக்கதையில் கணக்கு இல்லை? கேள்வி அந்தக் கணக்கு நம் கண்ணில் படுகிறதா என்பதே.

இன்னொருவர் குறுக்கே: சார் சொல்வது சரி. கற்றுக்கொடுப்பவர்கள்தான் அசட்டையாக இருப்பார்கள். என் டிரைவிங் மாஸ்டர் ஹெல்மெட் போட மாட்டார்.

ஆதரவுக்கு நன்றி. ஆனால் மெக்டொனால்ட் அசட்டை ஆளில்லை, களைத்துப்போனவர். நிஜ வரலாற்றிலும் 1944 மார்ச்சில் அந்த முகாமிலிருந்து வெளியேறிய 76 பேரில் 73 பேர் பிடிபட்டார்கள், 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களெல்லாம் முட்டாள்களா? இன்னொரு விஷயம்: அந்தப் படத்தில் ஜாக்சன், டேவிட் மெக்காலம், ஆங்கஸ் லென்னி மூவருமே கிளாஸ்கோவில் பிறந்தவர்கள்.

கே: அதே படத்தில் ஸ்டீவ் மெக்வீனின் மோட்டார் சைக்கிள் காட்சி பற்றி...

அவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை. அடுத்தது.

கே: ஷான் கானரியோடு நடித்திருக்கிறாரா? ஜேம்ஸ் பாண்ட் படத்தில் உண்டா?

பாண்ட் படத்தில் இல்லை. பாண்ட் தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மேன் எடுத்த ‘தி இப்கிரஸ் ஃபைல்’ (1965) படத்தில் இருக்கிறார். நாயகன் மைக்கேல் கெய்னின் காரை இரவல் வாங்கிப்போய் குண்டடிபட்டுச் சாகும் சக அதிகாரி.

கே: மனைவியும் நடிகையாமே?

ஆமாம், எடின்பரோவில் பிறந்த ரோனா ஆண்டர்சன். 1951-இல் திருமணம். ‘தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிராடி’ (1969) படத்தில் இருவரும் இருக்கிறார்கள். அதில் ஜாக்சன் பாட்டு வாத்தியார், மேகி ஸ்மித் பின்னாலேயே அலைந்து அலுத்துப்போகிறவர். கடைசியில் யாரைக் கட்டிக்கொள்ள முடிவெடுக்கிறார் தெரியுமா? வேதியியல் ஆசிரியை மிஸ் லாக்ஹார்ட்டை. அந்த வேஷத்தில் ரோனா ஆண்டர்சன்! மேகி ஸ்மித்துக்கு ஆஸ்கர் கிடைத்த படம் என்பதால் இந்த வேடிக்கையை யாரும் கவனிப்பதில்லை.

கே: ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ தொடரில் அவர் நடித்த ஹட்சனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? முதலாளிக்கு விசுவாசமான வேலைக்காரர், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. 1971 முதல் 1975 வரை ஓடிய தொடர். லண்டன் பணக்கார வீட்டின் மாடியில் எஜமானர்கள், கீழே வேலைக்காரர்கள். ஹட்சன் தலைமை பட்லர். கீழ்தளத்தில் அவர்தான் ராஜா, மேலே போனால் கைகட்டி நிற்பார். இந்த இரண்டு ஹட்சனுக்கும் முதுகு ஒரே மாதிரி விறைப்பாகத்தான் இருக்கும், குரல்தான் மாறும். அப்புறம், ஜாக்சன் அவரை நல்லவராக மட்டும் காட்டவில்லை. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் மீது வெறுப்பைக் கக்குகிறார் ஹட்சன். பார்க்கவே சங்கடமாக இருக்கும். அந்த எபிசோடுக்குத்தான் 1976-இல் எம்மி விருது கிடைத்தது. நீங்கள் சொன்ன விசுவாசத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டியதற்கு.

கே: அதன்பின் ‘தி புரொஃபஷனல்ஸ்’ தொடரில் உளவுப்படைத் தலைவர். நம்பும்படி இருக்கிறதா?

இருக்கிறது. லேசாக நொண்டிக்கொண்டு, முன்கோபத்தோடு, தன் கீழ் வேலை செய்யும் போடி (Bodie), டாய்ல் இரண்டு பேரையும் விரட்டுகிறார். பல வருஷம் அடுத்தவர் கட்டளைக்குத் தலையாட்டிய ஆள் கட்டளை போடும்போது வரும் சந்தோஷம் தெரியும். கதைகள் சுமார்தான்.

கே: இந்த இங்கிலாந்து நடிகர் ஷான் கானரியோடு...

மேலே போய் முதல் பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.

கே: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் ஐயா?

‘விஸ்கி கலோர்!’ (1949). ஸ்காட்லாந்தின் பாரா தீவில் எடுத்தது. கப்பல் தட்டி விஸ்கிப் பெட்டிகள் கரைக்கு வரும் கதை. கெடுபிடிக்கார அம்மாவுக்கு நடுங்கும் பள்ளி ஆசிரியராக ஜாக்சன், விஸ்கி உள்ளே போனதும் எதிர்த்துப் பேசத் துணிகிறார். அடுத்து ‘டியூன்ஸ் ஆஃப் குளோரி’ (1960). அப்புறம் ஹட்சன். அந்தத் தொடரின் ஆரம்பத்தில் சில எபிசோடுகள் கறுப்பு வெள்ளையில் வரும். அந்தச் சமயத்தில் தொழில்நுட்ப ஊழியர்கள் சம்பளப் பிரச்சினையில் கலர் கருவிகளைத் தொட மறுத்துவிட்டார்கள். டிவி கெட்டுவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள்.